இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளும் என் ஆள்காட்டி விரலும்

26 பிப்ரவரி 2024, திங்கள்

எதிர்வீட்டுத் திருமதி ஊயின் தானியங்கி கேட் இன்று காலை மறுபிறவி எடுத்தது. மூன்று நாளாக அது யாரும் கேட்காமலே திறந்து, யாரும் கேட்காமலே மூடி, ஒரு பூனை, இரண்டு தபால்காரர்கள், ஒரு கேஸ்காரர் ஆகியோரைச் சிறைபிடித்திருந்தது. மின்சுற்றுப் போர்டின் மூடியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை இரண்டு. அவற்றைப் பத்திரமாக ஒரு பிஸ்கட் டின்னுக்குக் குடிமாற்றிவிட்டு, கருகிய ரிலேயை மாற்றினேன். போர்டு வைத்தியத்தில் கோர் எங் தாட்டாகிய எனக்கு நிகர் கோர் எங் தாட்தான் என்று இந்த நாட்குறிப்பு மீண்டும் ஒருமுறை பதிவு செய்துகொள்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் செத்த போர்டுகளை எழுப்பியவன். பினாங்கில் நான் எழுப்பிய போர்டுகளை வரிசையாக அடுக்கினால் மூன்றாவது பாலம் தயார்.

நான்கு மணிக்கு அக்கா மகள் கியோக் சூ வந்தாள். கையில் ஐஸ்கிரீம் டப்பா. எனக்குத்தான் என்று நினைத்து ஸ்பூனோடு போய் நின்றேன்.

"செத்துருச்சு மாமா."

"யாரு?" போன செப்டம்பரில்தான் அவள் அப்பாவைப் புதைத்தோம்.

"பெட்டி. சுவிட்சப் போட்டா திரை வெளுக்குது. அவ்வளவுதான்."

டப்பாவுக்குள் அத்தானின் பெட்டி. அதைப் படைத்த பிரம்மா அடியேன்தான், 2011இல். கெர்தாக் சங்கூல் படகுத்துறையில் அத்தான் கிம் லியோங்குக்கு மீன் தங்கும் இடங்கள் தெரிந்த அளவுக்கு மீன்களுக்கே தெரியாது. ஆனால் அவர் எங்கே தூண்டில் போட்டாலும் அடுத்த வாரம் அதே இடத்தில் போட்டி மீனவன் ரொஸ்லானின் படகு நிற்கும். துறையில் கட்டியிருந்தபோது அத்தானின் ஜி.பி.எஸ். கருவியை எட்டிப் பார்த்து அந்த இடங்களின் புள்ளிகளைக் குறித்துக்கொண்டான் என்பது அத்தானின் குற்றச்சாட்டு. கருவியைக் கடலில் வீசிவிட்டு என்னிடம் வந்தார். "எவனும் எட்டிப் பார்க்க முடியாத ஒண்ணு செஞ்சு குடு தம்பி."

செய்து கொடுத்தேன். பட்டனை அழுத்தினால் படகு நிற்கும் இடத்தைச் சிப்பின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். திரும்பப் போகவேண்டுமானால் அம்புக்குறியும் தூரமும் மட்டும் காட்டும். எண்களைக் காட்டாது. எட்டிப் பார்ப்பவனுக்கு ஓர் அம்பு கிடைக்கும், போய்க்கொள்ளட்டும். அத்தான் தாளில் ஒன்றும் எழுதியதில்லை. படகில் ஏறுகிறவர்களின் கைபேசிகளையெல்லாம் வாங்கி பால்மாவு டின்னில் போட்டு மூடிவிடுவார். பன்னிரண்டு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். அத்தனையும் இந்த ஐஸ்கிரீம் டப்பாவில் இருக்கின்றன, வேறு எங்கும் இல்லை.

கியோக் சூவும் தொழிற்சாலைக்காரிதான். கடைசிப் பரிசோதனை வரிசையில் பன்னிரண்டு வருடம். வரிசையையே வேறு நாட்டுக்குத் தூக்கிப் போனதும் அப்பாவின் படகை எடுத்துக்கொண்டாள். தூண்டில் போட ஆசைப்படும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிப் போவாள்.

"சனிக்கிழமை ஈப்போலேர்ந்து ஆறு பேரு வர்றாங்க மாமா. இந்த சீசன்ல ஆளுங்க வெறுங்கையோட திரும்பினா அப்புறம் ஒருத்தரும் வரமாட்டாங்க. அம்மா ஏற்கெனவே வித்துடு வித்துடுங்கறாங்க."

"வெள்ளிக்கிழமை மாலைக்குள்ள உன் கையில."

"முடியுமா?"

"மகளே, செத்த சாட்டிலைட்டே என்கிட்ட வந்து வரிசையில நிக்குது!"

சிரித்தாள். அப்பா போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.


28 பிப்ரவரி, புதன்

திறந்தாயிற்று. உப்புப் பச்சை பூத்துக் கிடக்கிறது. பழைய பல்துலக்கியும் சாராயமும் கொண்டு குளிப்பாட்டினேன். மின்சாரம் அளந்தேன். 3.3 வோல்ட் வரவேண்டும், 3.3 வருகிறது. ஆக, சாப்பாடு போகிறது. ஆள் எழுந்திருக்க மறுக்கிறான்.

டீபக்கரை மாட்டினேன். சிப்பின் காதில் வாய் வைத்துப் பேசும் கருவி இது. நாலு வயர், அவ்வளவுதான். "இலக்கு எதுவும் கிடைக்கவில்லை" என்கிறது. வயர் ஒரு முழ நீளம் இருந்தது, வெட்டி விரல் நீளமாக்கினேன். கிடைக்கவில்லை. வேகத்தைக் குறைத்தேன். கிடைக்கவில்லை. இன்னும் குறைத்தேன், நத்தையே பொறுமை இழக்கும் வேகத்துக்கு. கிடைக்கவில்லை. வயரைத் திரும்பப் பற்றவைத்தேன். கெஞ்சினேன். ஹொக்கியனிலும் மலாயிலும் திட்டினேன்.

இல்லை.


1 மார்ச், வெள்ளி, காலை

கண்டுபிடித்துவிட்டேன்! எக்காளம் ஊதுங்கள்!

சிப்பின் ரீசெட் கால். அந்தக் காலில் 3.3 வோல்ட் இருந்தால் சிப் விழித்திருக்கும். அளந்தால் 0.9. பக்கத்தில் இருக்கும் எள்ளளவு கப்பாசிட்டர் உப்புத் தின்று உள்ளுக்குள் கசிகிறது. பாவம் சிப், எழுந்திருக்க முயன்றபோதெல்லாம் யாரோ தலையில் அமுக்கி உட்காரவைத்ததுபோலக் கிடந்திருக்கிறது. கப்பாசிட்டரைப் பிடுங்கினேன். 3.3! டீபக்கர் உடனே சிப்பைப் பெயர் சொல்லி அழைத்தது. எழுந்து நின்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். திருமதி ஊ என்னவோ ஏதோவென்று ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

இனி ஃபிளாஷை அப்படியே படித்தெடுத்து, 212 புள்ளிகளையும் வழவழப்பான தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு, கியோக் சூ வரும்போது ரிப்பன் கட்டிக் கொடுக்கப்போகிறேன். வரலாறு பேசும்.


அதே நாள், பதினொன்றரை

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நடக்கவில்லை என்றாகிவிடுமா என்ன?

படிக்கச் சொன்னேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. "சிப் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டை நீக்கவா? ஆம் / இல்லை."

ஆம் என்று தட்டினேன்.

இல்லை, நான் தட்டவில்லை. விரல் தட்டியது. தொழிற்சாலையில் தினமும் நூறு போர்டு. ஒவ்வொன்றிலும் இதே பெட்டி வரும், ஒவ்வொன்றுக்கும் ஆம். அங்கே சிப்புக்குள் இருப்பதெல்லாம் சர்வரில் இருக்கும். அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற ஒரு நிமிடம். முப்பத்தொரு வருடம் ஆம் ஆம் ஆம் என்று தட்டிய விரலடா இது. அதற்கு இல்லை என்ற பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது.

அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். வெளியாள் திறந்தால் சிப் முதலில் தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். ரொஸ்லான் எவனையாவது கூட்டிவந்து திறந்தாலும் ஒன்றும் கிடைக்கக்கூடாது என்று அந்தப் பூட்டைப் போட்டதே நான்தான். "இந்திரன் வந்தாலும் திறக்க முடியாது அத்தான்" என்று அன்றைக்கு மார்தட்டினேன். எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது, புரிந்தது, ஆனால் விரல் முந்திக்கொண்டது.

ஒன்றரை வினாடிகூட ஆகவில்லை.

படித்துப் பார்த்தேன். எஃப் எஃப். எஃப் எஃப். எஃப் எஃப். எஃப் எஃப். அழிந்த ஃபிளாஷ் முழுக்க இப்படித்தான் இருக்கும். கடைசிப் பக்கம் வரைக்கும் உருட்டினேன். ஒரு இடத்திலயாவது வேற ஒரு எழுத்து நிக்காதான்னு பார்த்தேன். நிக்கல.


அதே நாள், மாலை

பழைய ஹார்ட் டிஸ்க்கில் அன்றைய ப்ரோகிராம் இருந்தது. ஏற்றினேன். புதுக் கப்பாசிட்டர் வைத்தேன். பெட்டி அழகாக விழித்து, "புள்ளிகள்: 0" என்றது.

ஐந்து மணிக்கு அவள் வந்தாள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உப்புத் தண்ணி மகளே. நினைவகத்தையே தின்னுருச்சு. நான் தொறக்கறதுக்கு முன்னாடியே போயிருச்சு."

அவள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சைபரை விரலால் ஒருமுறை துடைத்துப் பார்த்தாள். அப்புறம் என் தோளைத் தட்டினாள்.

"பரவாயில்ல மாமா. உங்களால முடியாததுன்னா யாராலயும் முடியாது."

லக்சா நூடுல்ஸ் வாங்கி வந்திருந்தாள். எனக்குப் பிடிக்குமென்று புதினா அதிகம் போடச் சொல்லி.


2 மார்ச், சனி

ஈப்போ ஆட்கள் ஆறு பேரும் திரும்பிவிட்டார்கள். மொத்தம் இரண்டு கெளுத்தி. அவற்றில் ஒன்று வெட்கப்பட்டுத் தானாகவே குதித்துத் திரும்பிப் போய்விட்டது என்று எழுதிச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.


5 மார்ச், செவ்வாய்

எஃப் எஃப்.


9 மார்ச், சனி

தைப்பிங்கிலிருந்து நாலு பேர் வந்தார்களாம். ஊருக்கே தெரிந்த நாலைந்து இடங்களைச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். கரையேறும்போது ஒருவர், "உங்கப்பா காலத்துல இப்படி இல்லையேம்மா" என்றாராம். அக்கா போனில் சொன்னாள். நான் இருமுவதுபோல நடித்துப் போனை வைத்தேன்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? மாமா என்ற பெயரில் தெருவில் நடமாட முடியாது. சொல்லாவிட்டால்? அவள் இன்னும் லக்சா வாங்கி வருவாள். எது மோசம் என்று யோசிக்கிறேன்.


17 மார்ச், ஞாயிறு

முதல் வருடத்துக் கல்லறை என்பதால் செங் பெங் எனும் முன்னோர் கல்லறை நாளுக்கு முன்பே போய்விட வேண்டும். குன்றின்மேல் அக்கா, கியோக் சூ, நான். புல் வெட்டி, வண்ணக் காகிதம் செருகி, வறுத்த பன்றி, அவித்த கோழி, இனிப்புக் கேக், கருப்புக் காப்பி, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து ஓரத்தில். ஊதுபத்தி பாதி எரிந்ததும் இரண்டு காசுகளைச் சுண்டி, சாப்பிட்டு முடித்தாயிற்றா என்று கேட்கவேண்டும். ஒன்று தலை, ஒன்று பூ என்று விழுந்தால் ஆயிற்று. இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் இன்னும் இல்லை, காத்திரு. ஆண்பிள்ளை நான் ஒருவன்தான், அதனால் காசு என் கையில்.

"அத்தான், சாப்ட்டாச்சா?" சுண்டினேன். இரண்டும் தலை.

ஐந்து நிமிடம் கழித்து: இரண்டும் பூ. பிறகு தலை தலை. மறுபடி தலை தலை.

அக்கா விசிறிக்கொண்டாள். "இந்த மனுஷன் உயிரோட இருக்கறப்ப ரெண்டு நிமிஷத்துல தின்னுட்டு எழுந்திரிப்பாரு. இப்ப என்ன ஆற அமர?"

ஆறாவது முறையும் இல்லை. ஏழாவதும் இல்லை. வெயில் உச்சந்தலையில் ஆணி அடிக்கிறது. பன்றியின் மொறுமொறுத் தோல் தொய்ந்துவிட்டது. பக்கத்துக் கல்லறைக் குடும்பம் சாப்பிட்டு, மூட்டை கட்டி, எங்களைப் பரிதாபமாகப் பார்த்தபடி இறங்கிப் போயிற்று.

"டேய், நீ ஒழுங்கா கேக்கறியா இல்லையா?" என்றாள் அக்கா.

எட்டாவது: பூ பூ. ஒன்பதாவது: தலை தலை.

ஒன்பது முறை தொடர்ந்து இப்படி விழ ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. கல்லறை முன்னால் நின்று கணக்குப் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கியோக் சூ கேலியாகத்தான் சொன்னாள்: "அப்பா எதுக்கோ காத்திருக்காரு போல."

காசுகளைத் தரையிலேயே விட்டுவிட்டேன். சொல்லிவிட்டேன். அத்தானைப் பார்த்துத்தான் சொன்னேன், அவளைப் பார்க்கத் தைரியமில்லை. உப்பு இல்ல அத்தான், நான்தான். கண்டுபிடிச்சுட்டேன், சிப்பு எழுந்திருச்சிருச்சு, அப்புறம் பூட்ட எடுக்கவான்னு கேட்டுது, ஆமான்னுட்டேன். எல்லாம் போச்சு அத்தான். நான் போட்ட பூட்டுதான். நான் அழுத்தின பட்டன்தான். உப்புன்னு பொய் சொல்லிட்டேன்.

அக்காவுக்குப் பாதி புரியவில்லை. கியோக் சூவுக்கு எல்லாம் புரிந்தது. தொழிற்சாலைக்காரி அல்லவா. பிறகு ஒரே ஒரு கேள்வி, பரிசோதனை வரிசையில் கேட்பதுபோல, குரலை உயர்த்தாமல்:

"அந்த கப்பாசிட்டர எடுத்தீங்கல்ல. எடுத்த உடனே டீபக்கர கழட்டிட்டு, சும்மா பேட்டரி போட்டுப் பாத்திருந்தா?"

"ஓடியிருக்கும்."

"212உம் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

அதுதான். அதைத்தான் நான் இந்த நோட்டில்கூட எழுதாமல் ஒளித்து வைத்திருந்தேன். பூட்டு வெளியாளுக்குத்தான். சிப் தன்னுடையதைத் தானே படித்துக்கொள்ளும். அன்று காலை நான் கைதட்டிக்கொண்ட அந்த நிமிடமே வைத்தியம் முடிந்துவிட்டது. சும்மா மூடிக் கொடுத்திருந்தால் போதும். சட்டமும் ரிப்பனும் வேண்டியிருந்தது எனக்கு.

அவள் காசுகளைப் பொறுக்கி என் கையில் வைத்தாள். "கேளுங்க. அம்மாவுக்கு வெயில் ஆகாது."

சுண்டினேன். ஒன்று தலை, ஒன்று பூ.

சந்தோஷப்பட அங்கே யாரும் இல்லை. பன்றியையும் கோழியையும் கட்டிக்கொண்டு இறங்கினோம். காரில் நான் பின்சீட்டில், கேக் தட்டோடு.


20 மார்ச், புதன்

ஆறு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஏழாவது தடவை அக்கா எடுத்தாள். "அவ கடல்ல இருக்கா" என்றாள். பின்னால் கியோக் சூ பாத்திரம் கழுவும் சத்தம்.


26 மார்ச், செவ்வாய்

கோலா குராவிலிருந்து ஒருவர் படகைப் பார்க்க வருகிறாராம். ஏப்ரல் 28, ஞாயிறு. கியோக் சூ சரி என்றுவிட்டாளாம். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை தயார். மறுபடி பரிசோதனை வரிசை. மறுபடி நின்றுகொண்டே பன்னிரண்டு மணி நேரம்.

திருமதி ஊ இன்று கேட் நன்றாக வேலை செய்கிறது என்று ஆரஞ்சு கொடுத்தார். "நீங்க ஒரு மேதை" என்றார். கதவைச் சாத்திக்கொண்டேன்.


4 ஏப்ரல், வியாழன்

ஒரு யோசனை. வெட்கங்கெட்ட யோசனை.

யாருக்காகப் பூட்டினேன்? ரொஸ்லானுக்காக. ஏன்? அவன் புள்ளிகளைத் திருடுகிறான் என்று. திருடினானென்றால்... அவனிடம் இருக்கும்தானே?


10 ஏப்ரல், புதன், ஹரி ராயா

பெருநாளன்று யாரும் யார் வீட்டுக்கும் போகலாம், வாசலிலிருந்து திருப்பி அனுப்பமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் போனேன். தெலுக் கும்பாரில் ரொஸ்லானின் வீடு. கையில் ஒரு டின் அன்னாசி பிஸ்கட். பத்து டின் வாங்கியிருந்தாலும் என் வெட்கத்தை மறைத்திருக்காது. பச்சை பாஜுச் சட்டையில், பட்டாபிஷேகத்துக்குப் புறப்பட்டவன்போல உட்கார்ந்திருந்தான்.

"யாருடா இது! கிம் லியோங் மச்சினன்! வழி தவறிட்டியா?"

"பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்தேன்."

"பதிமூணு வருஷமா வராத வாழ்த்தா? உக்காரு. சாப்பிடு. அப்புறம் என்ன வேணும்னு சொல்லு."

கெத்துப்பாட் அரிசிக் கட்டியும் ரெண்டாங் கறியும் தின்னவைத்தான். மூன்றாவது தட்டு வரும்போது சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். என் வாயில் அன்று கெத்துப்பாட் இருந்ததால் பொய்க்கு இடமில்லை.

ரொஸ்லான் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனைவி எட்டிப் பார்த்தாள். "மினா, கேட்டியா! என்ன உள்ள விடக்கூடாதுன்னு பூட்டுப் போட்டானாம். இப்ப வீட்டையே கொளுத்திட்டு வந்து நிக்கறான்!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன் அத்தான் விளக்க அணைச்சிட்டுப் போவான். நான் அவன் இஞ்சின் சத்தத்த வெச்சே பின்னால போவேன். அவன் கருவிய நான் எட்டிப் பாத்ததே இல்லய்யா. அது சும்மா. காதுதான். அறுபத்து மூணு இடம் வெச்சிருக்கேன்."

"திருடினது."

"படிச்சது."

"இப்ப அங்கல்லாம் போறியா?"

தட்டைப் பார்த்தான். "அவன் செத்ததுலேர்ந்து போகல. ஆள் இல்லாத வீட்டுல திருடறதுல என்ன இருக்கு?"

அத்தானின் சாவுக்கு அவன் வந்து, எதிர்ச்சாரியில் ஒரு மரத்தடியிலேயே நின்றுவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. வேவு பார்க்க வந்தான் என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னவன் நான்.

"தர்றேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு படகுக்கு வா. ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"வயரு, கம்ப்யூட்டரு, டீபக்கரு, ஒண்ணும் கொண்டு வரக்கூடாது. என் கருவிய நீ விரலாலயும் தொடக்கூடாது. பேனா கொண்டு வா."


12 ஏப்ரல், வெள்ளி

பள்ளிக்கூட நோட்டு ஒன்று, பேனா மூன்று. படகில் உட்கார்ந்து அவன் வாசிக்க வாசிக்க எழுதினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன், நான் திருப்பி ஒரு தடவை வாசித்தேன். அறுபத்து மூன்றுக்கும் நாலு மணி நேரம். சிப் இதை ஒரு தும்மல் நேரத்தில் செய்திருக்கும்.

பாதியில் அவன் சொன்னான்: "ஒண்ணு சொல்லிடறேன். இதுல பாதி பொய்யி. நான் பின்னால வர்றேன்னு தெரிஞ்சா அவன் சும்மா எங்கயாவது நிறுத்தி சிகரெட்டுப் பிடிச்சிட்டு வருவான். ஒரு இடத்துல மூணு மணி நேரம் தூண்டி போட்டு லாரி டயரப் பிடிச்சேன். எது மெய், எது பொய்னு எனக்கே தெரியாது."

"ஏன் அழிக்கல அப்ப?"

"டயரா இருந்தாலும் அவன் குடுத்ததுதானே."

எழுதியது 63. அவற்றில் எத்தனை டயரோ. மீதி 149 இடங்களும் கடலுக்கு அடியில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. வழிதான் இல்லை. அத்தான் ஒவ்வொன்றுக்கும் நாலெழுத்தில் ஒரு பெயர் பெட்டிக்குள் வைத்திருந்தார். அந்தப் பெயர்கள் எங்கேயும் இல்லை.


13 ஏப்ரல், சனி

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றே புரட்டினாள்.

"எங்க கிடைச்சுது?"

"ரொஸ்லான்கிட்ட."

நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள். "பேனாலயா எழுதினீங்க?"

"பேனாலதான்."

"நல்லது. சட்டுன்னு அழியாது."

கதவைச் சாத்தினாள். நான் இதற்குத் தகுதியானவன்தான். இதற்கு மேலும்.


17 ஏப்ரல், புதன்

கைபேசியில் செய்தி. கியோக் சூ. வணக்கம் இல்லை, மாமா இல்லை.

"புள்ளி 1 — ஃபெயில். புள்ளி 2 — ஃபெயில். புள்ளி 3 — ஃபெயில், டயர்."

பரிசோதனை அறிக்கை! தொழிற்சாலையில் அவள் வரிசையில் ஒட்டுவார்களே, அதே மாதிரி.


19 ஏப்ரல், வெள்ளி

"4 முதல் 9 — ஃபெயில்."

அத்தான் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடித்தார்?


22 ஏப்ரல், திங்கள்

"10 — ஃபெயில். 11 — ஃபெயில். 12 — பாஸ்?"

அந்தக் கேள்விக்குறியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன மீன் என்று கேட்டு எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பவில்லை. விரலை நம்பமுடியாது.


24 ஏப்ரல், புதன்

"12 மறுபரிசோதனை — பாஸ். 17 — பாஸ். 18 — ஃபெயில். 20 — ஃபெயில், டயர்."

எனக்குத் தூண்டில் போடத் தெரியாது, படகில் ஏறினால் காலைச் சாப்பாடு நிற்காது. ஆனால் இந்த நாலு வரியை இன்று எழுபது தடவை படித்திருப்பேன். இது மிகையல்ல. எண்ணினேன்.


28 ஏப்ரல், ஞாயிறு

கோலா குராவ்காரர் பத்து மணிக்குத் துறைக்கு வந்துவிட்டார். அக்கா படகின் ஆவணங்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நான் ஓரமாக நின்றேன். யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

படகு இல்லை. காலையிலேயே போய்விட்டிருந்தது. சிரம்பானிலிருந்து வந்த ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு.

"பத்து மணின்னு அவளுக்குத் தெரியுமே" என்றாள் அக்கா, பத்துத் தடவை.

அவர் பதினொரு மணிக்கு ஒரு தட்டு மீ நூடுல்ஸ் சாப்பிட்டார், பன்னிரண்டுக்கு இன்னொன்று, ஒரு மணிக்கு கெண்டோல் ஐஸ். ஒன்றரைக்கு வயிற்றைத் தடவிக்கொண்டு, "வரமாட்டாங்க போலிருக்கே" என்றார். அக்கா உறையைப் பிரிக்கவே இல்லை. அவர் கார் ஏறிப் போய்விட்டார். ரொஸ்லான் தன் படகிலிருந்து வலையைத் தைத்தபடி எல்லாவற்றையும் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு இஞ்சின் சத்தம். ரொஸ்லான்தான் முதலில் தலையைத் தூக்கினான்.

படகு வந்தது. சிரம்பான்காரர்கள் ஐவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பனிப்பெட்டி மூடவில்லை, மூடியைத் தாண்டி ஒரு ஜெனஹாக் மீனின் வால் நின்றது. அது என் காலளவு இருந்தது. சரி, கையளவு. கியோக் சூ சுக்கானில், வெயிலில் கறுத்து, அப்பாவின் தொப்பியில். பக்கத்தில் பெட்டி. வெயிலில் அதன் திரை தெரிந்தது. "புள்ளிகள்: 5."

அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா பிளாஸ்டிக் உறையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

பிறகு கயிற்றை எடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். துறையில் அந்தப் பக்கம் என்னைத் தவிர யாருமில்லை.

"பிடிங்க மாமா."

பிடித்தேன். இரும்புக் குமிழில் ஒரு சுற்று போட்டேன். அப்புறம் கை நின்றுவிட்டது.

"கட்டட்டுமா?"

"கட்டுங்க."

"நிச்சயமா?"

"ஐயோ மாமா, கட்டுங்க!"

கட்டினேன்.